ரசமட்டமும் இரண்டு ஹெல்மெட்டும்

1

இந்தக் கதை எனக்குத் துணி காயப்போடும்போது கிடைத்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாராவது வந்து, எதிர்வீட்டு விஷயம் உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டால் நான் முழிக்க வேண்டாம் பாருங்கள். எட்டிப் பார்க்கும் பழக்கமெல்லாம் எனக்குக் கிடையாது. எங்கள் மாடி பால்கனிதான் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறது. நம் வீட்டுத் துணி மட்டும் காய ஏன் இவ்வளவு நேரம் ஆகிறது என்று என் வீட்டுக்காரர் கேட்பதுண்டு. வெயில் போதவில்லை என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

கதை கிடைத்துவிட்டது. தொடக்கம்தான் அமையவில்லை. எழுதி அடித்தவற்றை அப்படியே விட்டிருக்கிறேன், பார்த்துக்கொள்ளுங்கள்.

"பனி படர்ந்த அதிகாலையில் ஒரு புதிய மோட்டார் சைக்கிள்..." (பனியாவது ஒன்றாவது. அன்றைக்குக் காலையிலேயே முதுகில் வியர்வை ஓடியது.)

"மனித வாழ்க்கையே ஒரு கியர் மாற்றம்தான். பிறக்கும்போது நாம் எல்லோரும் நியூட்ரலில்..." (இதைப் படித்துவிட்டு என் வீட்டுக்காரர், தலைவலி மாத்திரை வேண்டுமா என்று கேட்டார்.)

"அவள் அவரை விட்டு இறங்கிப் போன அன்று..." (நல்ல வரிதான். ஆனால் நீங்கள் வேறு மாதிரி நினைத்துக்கொள்வீர்கள். அவள் இறங்கியது பைக்கிலிருந்து.)

ஆகவே, எனக்கு முதலில் காதில் விழுந்ததையே எழுதிவிடுகிறேன்.

டொக்.

2

அந்த 'டொக்' இரண்டு ஹெல்மெட் மோதிக்கொண்ட ஓசை. முன் ஹெல்மெட்டுக்குள் இருந்தவர் எதிர்வீட்டுக்காரர், டைல்ஸ் ஒட்டுகிறவர். தெருவில் அவருக்குப் பெயர் ரசமட்டம். மற்ற ஆண்கள் சட்டைப்பையில் சீப்பு வைத்திருப்பார்கள். இவர் பையில் எந்நேரமும் ஒரு சாண் நீளத்துக்கு ரசமட்டக் கட்டை இருக்கும். நடுவில் ஒரு கண்ணாடிக் குழாய், அதற்குள் ஒரு குமிழி. குமிழி இரண்டு கோட்டுக்கும் நடுவில் நின்றால் தரை மட்டம். நிற்காவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. ஒருமுறை எங்கள் வீட்டுக்கு வந்தவர், தேநீரை வாயில் வைக்குமுன் கட்டையை எடுத்து மேசையில் வைத்துப் பார்த்தார். "ஒரு நூல் இறக்கம், அக்கா" என்று துக்கம் விசாரிக்கிற குரலில் சொல்லிவிட்டு, மேசைக் காலுக்கடியில் அட்டை மடித்துச் செருகியபிறகுதான் குடித்தார். தேநீர் ஆறிப் போயிருந்தது. மட்டமாக ஆறியிருந்தது.

பின் ஹெல்மெட்டுக்குள் இருந்தது அவர் மனைவி. மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. கண்ணாடி வாங்க வருகிறவர்களுக்கு ஃப்ரேமை மாட்டிவிட்டு, முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் தன் முகத்தைக் கொண்டுபோய், இடது பக்கம் தூக்கியிருக்கிறதா, மூக்கில் உறுத்துகிறதா என்று பார்த்துக் காதோரம் வளைத்துக் கொடுப்பது அவள் வேலை. ஊரார் மூக்கையெல்லாம் அவ்வளவு கிட்டத்தில் பார்க்கிறவள், புருஷன் மூக்கைப் பார்த்து எத்தனை நாளாயிற்றோ. ஏனென்றால் அவர் விடிவதற்குள் வேலைக்குப் போய்விடுவார். சிமெண்ட் அப்பிய முட்டியோடு வந்து, குனிந்த முதுகு நிமிராமல் அப்படியே கட்டிலில் சாய்வார். அவள் கடையைச் சாத்திவிட்டு வரும்போது அவருடைய குறட்டைதான் கதவைத் திறக்கும்.

புது வேலையிடம் அவள் கடைக்குப் போகிற வழியிலேயே அமைந்தது. வேலை தொடங்கும் நேரமும் கொஞ்சம் தள்ளி வந்தது. அப்போதுதான் அவருக்கு அந்த யோசனை. பைக் வாங்கினால் அவளைக் கடையில் இறக்கிவிட்டுப் போகலாம். போகிற வழியில் இரண்டு வார்த்தை பேசலாம். அவர் மனதில் நினைத்தது உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். கதை எழுதுகிறவர்களுக்கு அந்தச் சலுகை உண்டு. தவிர, அவரே என் வீட்டுக்காரரிடம் சொன்னார்.

வண்டி வந்தது. கறுப்பு. சீட்டின் மேல் கடைக்காரன் போட்ட பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை, அழுக்காகிவிடுமாம். அவருக்கு அதுவரை சைக்கிள்தான் தெரியும். கியர் என்பது இடது காலுக்கு வந்த புது உத்தியோகம். ஒன்று கீழே மிதிக்க வேண்டும், மற்றதெல்லாம் மேலே தூக்க வேண்டும். மாற்றும்போது இடது கை கிளட்சைப் பிடிக்க வேண்டும், வலது கை ஆக்சிலேட்டர் முறுக்கைத் தளர்த்த வேண்டும், பிறகு கிளட்சைப் பதமாக விட வேண்டும். இவர் சுடுபாத்திரத்தைக் கீழே போடுகிற மாதிரி விட்டார். வண்டி ஒரு கணம் முட்டுக்கட்டை போட்டு நின்று, பிறகு எகிறும். பின்னால் பிளாஸ்டிக் உறையில் சறுக்கி முன்னால் வருவாள் அவள்.

டொக். இரண்டாவது கியர்.

டொக். மூன்றாவது.

நான்காவதற்கு அவர் போகவேயில்லை. மூன்றாவதிலேயே வண்டி தேம்பித் தேம்பிப் போனது. இரண்டு வார்த்தை பேசுவதாவது, அவள் பல்லைக் கடித்துக்கொண்டல்லவா உட்கார்ந்திருந்தாள்.

சில நாள் பொறுத்தாள். ஒருநாள் பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் வண்டி சிக்னலுக்கு நின்றபோது இறங்கிக்கொண்டாள். ஹெல்மெட்டைக் கழற்றாமலே, பஸ்ஸுக்கு நின்ற அத்தனை பேர் முன்னாலும் சொன்னாள்.

"ஞாயித்துக்கிழமை என் தங்கச்சி வீட்டுக்குப் போகணும். இதே வண்டியில வர்றேன். ஒரே ஒரு தடவை முட்டுச்சு, அங்கயே இறங்கிடுவேன். அப்புறம் ஆயுசுக்கும் பஸ்தான்."*

"ரோடு மட்டமா இல்ல" என்றாராம் இவர்.

"ரோட்டுல எல்லாரும்தான் போறாங்க. அவங்க பொண்டாட்டி தலை எல்லாம் நல்லாத்தான் இருக்கு."

(* 'ஆயுசுக்கும்' என்று சொன்னதாகக் கீழ்வீட்டு டீச்சர் சொல்கிறார், அவர் அங்கே பஸ்ஸுக்கு நின்றவர். 'இந்த மாசம் பூரா' என்று சொன்னதாக அயர்ன் கடைக்காரர் சொல்கிறார். கதைக்கு எது நல்லதோ அதை எடுத்துக்கொண்டேன்.)

3

இந்த இடத்தில் ஒரு ஆள் தேவைப்படும் என்று நினைத்தேன். கியர் மாற்றச் சொல்லிக் கொடுக்கிற ஆள். ஆகவே ஓய்வுபெற்ற ஓட்டுநர் ஒருவரை உண்டாக்கினேன். காக்கிச் சட்டை, மீசை, "வண்டி பேசும், தம்பி, நீ காது கொடு" என்று ஒரு வசனம். ரசமட்டத்தின் தோளில் கைவைத்து, இரண்டே பக்கத்தில் எல்லாவற்றையும் கற்றுக்கொடுத்துவிட்டார். கதை முடிந்துவிட்டது.

மனிதர் இவ்வளவு சுறுசுறுப்பாக இருப்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. நீக்கிவிட்டேன். அவர் போக மாட்டேன் என்கிறார். மீசையைத் தடவிக்கொண்டு இந்த மூன்றாம் பகுதியின் வாசலிலேயே நிற்கிறார். "ஒரு வசனமாவது இருக்கட்டும்மா" என்று கேட்டார். அதையும் மேலேயே சொல்லியாயிற்றே என்றேன். நீங்கள் கண்டுகொள்ளாமல் அடுத்த பகுதிக்கு வாருங்கள்.

(பகுதி மாறும்போது லேசாகத் தூக்கிப் போட்டிருக்கும். மன்னியுங்கள். எனக்கும் கிளட்ச் இன்னும் பிடிபடவில்லை.)

4

கற்றுக்கொடுக்க ஆளில்லாததால் ரசமட்டம் தன் தொழிலையே துணைக்குக் கூப்பிட்டார். வேறு என்ன செய்வார்? சமையல்காரரிடம் பைக்கைக் கொடுத்திருந்தால் உப்புப் பார்த்திருப்பார். இவர் ரசமட்டக் கட்டையை எடுத்துப் பெட்ரோல் டேங்கின் மேல் நீளவாக்கில் ஒட்டிவிட்டார், டேப் போட்டு.

அவருடைய கணக்கு எளிமையானது. வண்டி வெட்டி இழுத்தால் குமிழி ஓடும். குமிழி ஓடாவிட்டால் வண்டி வெட்டவில்லை. வண்டி வெட்டாவிட்டால் அவள் முட்ட மாட்டாள். அவள் முட்டாவிட்டால் ஆயுசுக்கும் பஸ் இல்லை. ஆக, குடும்பம் இப்போது ஒரு குமிழியின் கையில் இருந்தது.

இதில் ஒரு சிக்கல். அவர் ரோட்டைப் பார்ப்பதை விட்டுவிட்டுக் குமிழியைப் பார்த்தார். தெருமுனை வேகத்தடையை ஒருநாள் அவர் அங்கீகரிக்கவேயில்லை. அதே கண்ணில் இன்னொன்றும் பட்டது. எங்கள் தெருவே கிழக்கே இறங்குகிறதாம். வண்டியை நிறுத்திவிட்டு அயர்ன் கடைக்காரரிடம் போய், "உங்க மேசை இவ்வளவு காலமா சாய்ஞ்சு நிக்குது, தெரியுமா?" என்று கேட்டிருக்கிறார். அன்றிலிருந்து அயர்ன் கடைக்காரருக்குத் தலை சுற்றுகிறதாம்.

பயிற்சிக்குப் பின்னால் ஒரு ஆள் வேண்டும். அவளோ ஞாயிறு வரை ஏற மாட்டாள். ஆகவே டைல்ஸ் ஒட்டும் பசைமாவு மூட்டை ஒன்றைப் பின்சீட்டில் நிமிர்த்தி வைத்துக் கயிற்றால் கட்டி, அதன் தலையில் அவளுடைய ஹெல்மெட்டை மாட்டினார். நான் பொய் சொல்லவில்லை. தெருவே பார்த்தது. கீழ்வீட்டு டீச்சர் கண்ணாடி போடாமல் பால் வாங்கப் போனபோது மூட்டையிடம், "என்னம்மா, கடைக்கு லீவா?" என்று கேட்டுவிட்டார். மூட்டை பதில் சொல்லவில்லை என்று அவருக்கு வருத்தம்.

அவள் வாசலில் நின்று பார்த்தாள்.

"என் இடத்துல யாரது?"

"மூட்டை."

"எத்தனை கிலோ?"

"இருபது."

அவள் மூட்டையை ஏற இறங்கப் பார்த்தாள். "நான் இருபது கிலோவா? இன்னும் ரெண்டு கட்டுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அவர் கட்டினார். ரசமட்டத்திடம் விளையாட்டாக ஒரு அளவு சொல்லக் கூடாது.

முதலில் மூட்டையும் முட்டியது. அவர் திரும்பி அதனிடம் மன்னிப்புக் கேட்பதைப் பால்கனியிலிருந்து என் கண்ணால் பார்த்தேன். போகப் போக முட்டுவது குறைந்தது. வேலையிடத்திலும் மண்டியிட்டபடியே இடது கால் கட்டைவிரலைத் தூக்கித் தூக்கிப் பழகினாராம். கிளட்ச் விடுவதற்கு அவருக்கே ஒரு வழி கிடைத்தது: டைல்ஸைக் கலவை மேல் வைக்கும்போது கையைச் சட்டென்று எடுக்கக் கூடாது, அது தானாக உட்கார விட வேண்டும். அப்படியே கிளட்சையும் உட்கார விட்டார். முறுக்கைத் தளர்த்தி, பிடித்து, தூக்கி, உட்கார விட்டு, வண்டி வழுக்கிக்கொண்டு போனது. வெண்ணெய். வெள்ளிக்கிழமை அவர் நான்காவது கியரில் தெருவைக் கடந்தபோது ஹெல்மெட் போட்ட மூட்டை அரசியைப்போல அசையாமல் போனது.

சனிக்கிழமை அவளைக் கெஞ்சிக் கூத்தாடி, தெருமுனை வரைக்கும், வெள்ளோட்டத்துக்கு, கணக்கில் சேராது என்று சத்தியம் செய்து ஏற்றினார். உறையில் சறுக்காமல் சீட்டின் ஓரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அமர்ந்தாள். வண்டி வெண்ணெயாகக் கிளம்பியது. இரண்டாவது கியர்.

டொக்.

5

இறங்கி உள்ளே போய்விட்டாள். அவர் வண்டி மேலேயே உட்கார்ந்து குமிழியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாவம், அந்த முகத்தை எழுத எனக்கு... சரி, அதை விட்டுவிடுவோம்.

மூட்டை முட்டவில்லை, மனைவி முட்டுகிறாள். ஏன்? அது அவருக்குத் தெரிய வழியில்லை. மேலேயிருந்து பார்க்கிறவளுக்குத்தான் தெரியும். வண்டி வெட்டவேயில்லை. கியர் மாற்றுகிற நேரத்தில் அவள் கம்பியை விட்டுவிட்டு, அவர் தோளுக்கு மேலே எம்பி, டேங்கில் ஒட்டியிருந்த குமிழி ஓடுகிறதா என்று எட்டிப் பார்த்தாள். மூட்டைக்கு அந்த ஆர்வம் கிடையாது.

ஓசையும் மாறியிருந்தது. முன்பு பின்மண்டையில் மோதிய 'டொக்'. இது பக்கவாட்டில், காதோரம், மெத்தென்ற 'டொக்'. டைல்ஸ்காரர் கட்டையால் தட்டியே, அடியில் காற்று நிற்கிறதா, கலவை நிரம்பியிருக்கிறதா என்று சொல்லிவிடுவார். ஆனால் ஹெல்மெட்டுக்குள் அவர் காதுக்கு எல்லாம் ஒன்றுதான்.

எழுதுகிறவளாக நான் இந்த ரகசியத்தைக் கடைசிப் பக்கம்வரை பொத்தி வைத்திருக்க வேண்டும். ஆனால் அதற்கும் முன்னால் நான் இந்தத் தெருக்காரி. அன்று சாயங்காலம் எங்கள் வீட்டுப் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்க அவள் மேலே வந்ததும், துணி மடிக்கிற சாக்கில் பக்கத்தில் போய்ச் சொல்லிவிட்டேன். வண்டி வெட்டவில்லை, நீதான் எட்டிப் பார்க்கிறாய் என்று.

அவள் ஆச்சரியப்படவில்லை. எங்கள் துணியில் ஒன்றை எடுத்து மடிக்கத் தொடங்கினாள்.

"தெரியும் அக்கா."

என் கையிலிருந்த துணிக் கிளிப் நழுவிக் கீழே விழுந்தது. கதாபாத்திரத்துக்குத் தெரிந்தது எழுதுகிறவளுக்குத் தெரியாமல் போவது எவ்வளவு அவமானம் என்று உங்களுக்குப் புரியாது.

"தெரிஞ்சா ஏண்டி எட்டிப் பாக்கறே?"

"கடையில நாள் பூரா யார் யார் மூஞ்சியையோ பாக்கறேன். இவரு தோள்ல சாயறதுக்கு எனக்கு வேற என்ன சாக்கு இருக்கு? கல்யாணமாகி இத்தனை வருஷம் கழிச்சு, நடுரோட்டுல, சும்மா சாய முடியுமா? ரசமட்டம் பாக்கறேன்னு சாயலாம்."

"அப்ப முட்டினா இறங்கிடுவேன்னு சொன்னது?"

"அது அன்னிக்குச் சொன்னது. அப்ப நெஜமாவே மண்டை வலிச்சுது." துணியின் ஓரத்தை இழுத்து நேராக்கினாள். "அத்தனை பேரு முன்னால சொன்ன சொல்லு அக்கா. எப்படித் திரும்ப எடுக்கறது? அவரும் மறக்க மாட்டாரு. அளவு சொன்னா அளவுதான் அவருக்கு."

படி இறங்கும்போது திரும்பி, "இதையெல்லாம் எழுதிடாதீங்க" என்றாள்.

எழுத மாட்டேன் என்றேன்.

6

ஞாயிறு. அவர் குளித்து, தலை வாரி, வாசலில் நின்று பைக் சீட்டின் பிளாஸ்டிக் உறையைக் கிழித்து எடுத்தார். பெண்ணைக் கட்டிக்கொடுக்கிற தகப்பன்போல சீட்டை ஒருமுறை தடவிக் கொடுத்தார். அவள் நல்ல உடையில் வந்து ஏறினாள். கம்பியைப் பிடித்தாள். முதல் கியர். எங்கள் பால்கனிக்குத் தெரிகிற தூரம் தெருமுனை வரைதான். அதுவரை அவர் முதல் கியரிலேயே போனார், ஊர்வலத்தில் போகிறவர் மாதிரி. வளைவில் திரும்பி மறைந்தார்கள். இரண்டாவது கியர் அந்தப் பக்கம் விழுந்தது.

பார்த்தீர்களா அநியாயத்தை. இவ்வளவு தூரம் இழுத்து வந்துவிட்டு, முக்கியமான இடத்தில் எனக்குக் கண் தெரியவில்லை. கண் தெரியாத இடத்தில் கற்பனை வேலை செய்யும் என்பார்கள். செய்தது. மூன்று முடிவு கிடைத்தது.

முதல் முடிவில் போகவும் வரவும் முட்டவேயில்லை. குமிழி நட்டநடுவில் நிற்கிறது. அவள் நேராக, கம்பியைப் பிடித்துக்கொண்டு, மூட்டை மாதிரி... வேண்டாம். இது ஜெயித்த மாதிரித் தெரியவில்லை.

இரண்டாவதில் முட்டிவிடுகிறது. அவள் சொன்ன சொல்லுக்கு இறங்கிப் பஸ் ஏறுகிறாள். அவர் பஸ் பின்னாலேயே ஓட்டி வருகிறார். பின்கண்ணாடி வழியாக அவள் பார்க்கிறாள்: ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஒவ்வொரு கியரும் வெண்ணெய். பின்சீட்டில் ஆளில்லை. (இதை எழுதி முடித்து நானே கொஞ்சம் அழுதேன். என் வீட்டுக்காரர் மறுபடி மாத்திரை கேட்டார், இந்த முறை தனக்கு.)

மூன்றாவதில் வேகத்தடையில் ரசமட்டம் உடைந்து குமிழி தப்பித்து விடுகிறது. தெருவில் மிதந்து போகிறது. அதன் பின்னால் அவர் ஓட, அவர் பின்னால் அவள் ஓட, அது எங்கெங்கே கொஞ்சம் நிற்கிறதோ அந்த இடமெல்லாம் மட்டமாகிவிடுகிறது. அயர்ன் கடைக்காரருக்குத் தலைசுற்றல் நின்றுவிடுகிறது.

மூன்றும் திருப்தியாக இல்லை. பொறுக்க முடியாமல், மூன்றாம் பகுதி வாசலில் நின்ற ஓட்டுநரைக் கூப்பிட்டு, தெருமுனைக்கு அந்தப் பக்கம் போய்ப் பார்த்து வரச் சொன்னேன். போய்விட்டு உடனே வந்துவிட்டார். "அந்தப் பகுதியில எனக்கு இடமில்லைன்னு நீங்கதானேம்மா எழுதினீங்க" என்றார் மீசையைத் தடவிக்கொண்டு. நீக்கினவர்களிடம் போய் உதவி கேட்கக் கூடாது.

பொழுது சாய்கிற நேரம். துணியெல்லாம் எப்போதோ காய்ந்து விறைத்துவிட்டது; நான் எடுக்கவில்லை. அப்போது தெருமுனையில் தெரிந்தார்கள்.

நடந்து வந்தார்கள்.

அவர் இந்தப் பக்கம் ஹாண்டில்பாரைப் பிடித்துத் தள்ள, அவள் அந்தப் பக்கம் சீட்டில் கைவைத்துத் தள்ள, நடுவில் புது பைக். இரண்டு பேர் தலையிலும் ஹெல்மெட் இருந்தது. நடந்து வருகிறவர்களுக்கு அது எதற்கு என்று தெரியவில்லை. டேங்கின் மேல் ரசமட்டம் இல்லை. அவள் கைப்பைக்குள்ளிருந்து அதன் முனை எட்டிப் பார்த்தது. பேசிக்கொண்டு வந்தார்கள். என்ன பேசினார்கள் என்று கேட்கவில்லை. இரண்டு வார்த்தைக்கு மேல் இருக்கும்.

நான் படியில் எப்படி இறங்கினேன் என்று எனக்கே நினைவில்லை. வாசலில் மறித்துக்கொண்டு, என்ன ஆயிற்று, முட்டியதா, ஏன் நடந்து வருகிறீர்கள் என்று ஒரே மூச்சில் கேட்டேன்.

"பெட்ரோல் தீந்துடுச்சு அக்கா" என்றார் அவர்.

"ஆமா அக்கா, பெட்ரோல்" என்றாள் அவள், அவர் சொல்லி வாய் மூடுவதற்குள். அவள் அவருக்கு ஒத்துப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

நான் டேங்கின் மேல் விரல் முட்டியால் தட்டிப் பார்த்தேன். தட்டிப் பார்க்க அவரிடம்தான் கற்றுக்கொண்டேன். நிரம்பிய ஓசை. விளிம்புவரை.

அவர் டேங்கைப் பார்த்தார். அவள் ஆகாயத்தைப் பார்த்தாள். ஹெல்மெட்டுக்குள் இரண்டு பேரும் சிரித்தார்களா என்று எனக்குத் தெரியாது, கண்ணாடி இறக்கியிருந்தது.

முட்டினால் அங்கேயே இறங்கிவிடுவேன் என்று சொன்னவள், சொன்னபடி இறங்கி, பஸ்ஸைப் பார்த்துத் திரும்பும்போது, அவரும் வண்டியிலிருந்து இறங்கி...

இல்லை. இதை நான் எழுதக் கூடாது. எழுத மாட்டேன் என்று வாக்குக் கொடுத்ததை ஏற்கெனவே ஒருமுறை மீறியாயிற்று. இந்த வாக்கியத்தை அப்படியே பாதியில் விடுகிறேன். வேண்டுமானால் நீங்கள் ஏறி ஓட்டிக்கொள்ளுங்கள்.

நான் கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்லி முடிக்கிறேன். அவர் வண்டியை வாசலுக்குள் ஏற்றி, ஸ்டாண்டு போட்டார். சாவியைத் திருப்பி எடுத்தார். வண்டி நின்றது நின்றபடி. இன்ஜின் இல்லை, கியர் இல்லை, பள்ளம் இல்லை, குமிழியும் அவள் கைப்பைக்குள். அவர் குனிந்து ஸ்டாண்டு சரியாக ஊன்றியிருக்கிறதா என்று பார்த்து நிமிரும்போது, அவள் எம்பி, நிதானமாக, தன் தலையைக் கொண்டுபோய் அவர் தலையில் முட்டினாள்.

டொக்.

இதைக் கணக்கில் சேர்ப்பதா வேண்டாமா என்பது இனி உங்கள் பாடு. நாளைக் காலை அவள் பஸ் நிறுத்தத்தில் நிற்பாளா, பின்சீட்டில் இருப்பாளா என்பதும்தான். எனக்குக் கேட்கிற தூரத்தில்தான் இருந்தது. ஓசை எப்படிப்பட்டது என்றும் எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன். நீங்களே தட்டிப் பாருங்கள், அடியில் காற்று நிற்கிறதா, நிரம்பியிருக்கிறதா என்று.

எனக்குத் துணி எடுக்க வேண்டும்.